தெய்வம் சொல்ல மறுத்த சொல்

மட்டாஞ்சேரி
12 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜிஷா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சுகம். அங்கே உன் மூக்கும் காதும் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று அம்மா கேட்கச் சொன்னாள். பனி கடித்தால் விரல் போய்விடும் என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து இதே கவலை.

வாரத்துக்கு ஐந்து நிமிடம் கிடைக்கிற செயற்கைக்கோள் போனில் உன் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது. நீ சொன்னபடி இனிமேல் கடிதமாகவே எழுதி மின்னஞ்சலில் போடுகிறேன். என் தமிழில் பிழை இருந்தால் சிரிக்காதே. பள்ளியில் படித்த மலையாளத்தில் என்றால் இந்நேரம் எழுதி முடித்து சாயா குடித்திருப்பேன். நாடகத்துக்காகப் பழகிய எழுத்தை விட மனமில்லை, அதனால்தான்.

நம் ஒலிநாடகம் ‘ஒன்பதாம் ஆழம்’ கேட்கிறவர்கள் என்னை விடுவதாக இல்லை. முப்பத்தொன்பது பகுதி வந்துவிட்டது, கடைசிப் பகுதி எங்கே என்கிறார்கள். மலேசியாவில் ஈப்போவிலிருந்து ஒரு நர்ஸ் அம்மா, “விண்கலத்தில் உறங்குகிற நாற்பதாயிரம் பேரைக் குளிரில் விட்டுவிட்டு உங்களுக்கு எப்படிச் சோறு இறங்குகிறது?” என்று எழுதியிருக்கிறார். ஜெனரேட்டர் மெக்கானிக்காக அந்தப் பனிக் கண்டத்துக்குக் கப்பல் ஏறும்போது, ‘அங்கே போய் எழுதி அனுப்புகிறேன்’ என்று சொன்னாயே. நான்கு மாதம் ஆகிறது.

எல்லோரும் கேட்பது அப்பாவின் குரலைத்தான். முப்பது வருடம் கார்ப்பரேஷன் சாக்கடை ஓடைகளில் இறங்கியவர், திருவிழாவுக்கு ஜீப்பில் உட்கார்ந்து அனௌன்ஸ்மென்ட் சொன்னவர் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவர்களுக்கு அவர் ஆழத்தான். கடலுக்கடியில் உறங்கும் ஆதி தெய்வம்.

பதிவு இனி திங்கள், புதன், வெள்ளி மட்டும்தான். செவ்வாய், வியாழன், சனி அப்பாவுக்கு எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு கடையில் வேலை. ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியவில்லையாம்.

ஆழத்தான் மூச்சு விடும் ஒலியைப் புதிதாகப் பிடித்திருக்கிறேன். ஒரு நிமிடத் துண்டு இணைத்திருக்கிறேன். கேட்டுச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு. கையுறை இல்லாமல் இரும்பைத் தொடாதே. இது அம்மா சொன்னது.

உன் தங்கை
ஜிஷா


பனிக்கண்டம்
3 மே 2024

அன்புள்ள ஜிஷா,

மூக்கு, காது, இருபது விரல் எல்லாம் சரியாக இருப்பதாக அம்மாவிடம் சொல். அவளுடைய சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரை போடுகிறாளா? போன வாரம் போனில் அப்பா நன்றாகப் பேசினார். அந்தக் குரலுக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

நீ அனுப்பிய மூச்சு இங்கே வந்து சேர ஒரு பகல் முழுவதும் ஆனது. ஹெட்போனில் கேட்டேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது மோளே (அப்பா மாதிரியே கூப்பிடுகிறேன்). கடலும் இல்லை, காற்றும் இல்லை. ஏதோ ஒன்று சுழன்று சுழன்று வருகிறது, உயிருள்ளதாக. எங்கே பிடித்தாய்?

இங்கே நான் பார்ப்பதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நேற்று நிலையத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் நடந்தேன். நின்றதும் என் மூச்சு உறைந்து உதிரும் சத்தம் காதில் கேட்டது. அதைத் தவிர உலகத்தில் வேறு சத்தமே இல்லை. என் காலுக்குக் கீழே இருந்த பனி, மனிதன் என்று ஒருவன் இல்லாத காலத்தில் பெய்தது என்கிறார்கள். குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். அன்றே கடைசிப் பகுதியை எழுதி முடித்துவிட்டேன்.

நாம் பேசியபடிதான். ‘நெய்தல்’ கலத்தின் நெருப்பு அணைந்துவிட்டது. கீழே உறைந்த நிலா. அதன் கடலின் ஒன்பதாம் ஆழத்தில், ஒரு காலத்தில் நம் கடல்களில் வாழ்ந்த தெய்வங்கள் எல்லாம் உறைந்து மாண்டு கிடக்கின்றன. ஆழத்தான் ஒருவனுக்குத்தான் மூச்சு இருக்கிறது. அவன் எழுந்தால் கலத்துக்கு நெருப்பு கிடைக்கும். அவன் எழ ஓர் உயிரின் சூடு வேண்டும். கலத்தை ஓட்டும் வெள்ளி தன்னையே தருகிறாள். அவன் ‘ஏற்றேன்’ என்கிறான். அவள் அணைகிறாள். கலம் எரிகிறது.

அப்பாவுக்கு அந்தக் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்தான். அதை அவர் சொன்னால் போதும், கேட்கிறவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்
பிரதீஷ்


மட்டாஞ்சேரி
20 மே 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டில் சுகக்கேடு ஒன்றும் இல்லை. அம்மா மாத்திரை போடுகிறாள். மழைக்கு முன்னான புழுக்கம் ஆளைக் கொல்கிறது. உன் குளிரில் கொஞ்சம் பார்சல் அனுப்பு.

ஒரு சிக்கல். அப்பா அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன் என்கிறார்.

வெள்ளிக்கிழமை பஜார் ரோட்டில் நம் மாடி ஸ்டுடியோவில் மைக் வைத்தோம். கீழே குடோனில் சுக்கு மூட்டை இறக்கி முடியும் வரை காத்திருந்து தொடங்கினோம். நான் வெள்ளியாகப் பேசி முடித்தேன். அப்பாவின் முறை வந்தது. தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மடித்து மேசையில் வைத்துவிட்டார்.

“இது அண்ணன் எழுதினதா?”

“ஆமாப்பா. ஒரு வார்த்தைதானே.”

“அவங்கிட்ட பறஞ்சிரு. இந்த வார்த்தைய நான் பறய மாட்டேன்.”

ஒலிப்பதிவு செய்யும் அனில் சிரித்துவிட்டு, “வேலன் சேட்டா, இது நாடகமல்லே?” என்றான்.

“நாடகமாயாலும் வாயில வரணும்ல? பிள்ளையோட சூட்டத் தின்னுட்டு எந்திரிக்கிறது தெய்வமா? அதுக்கு வேற பேரு. ஆழத்தான் செத்துப் போகட்டும்னு எழுதச் சொல்லு. அவன் வாழ்ந்தது போதும்.”

சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார். நானும் வற்புறுத்தவில்லை. நீ மாற்றி எழுத முடியுமா?

மூச்சு எங்கே பிடித்தேன் என்று கேட்டிருந்தாய். வீட்டிலேயேதான். பிறகு சொல்கிறேன்.

உடம்பு கவனம்.

ஜிஷா


பனிக்கண்டம்
29 மே 2024

அன்புள்ள ஜிஷா,

எல்லோரும் நலம் என்று எழுதியிருந்தாய். அதையே நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

மாற்ற முடியாது. மூன்று வருடக் கதை அந்த ஒரு சொல்லை நோக்கித்தான் வந்திருக்கிறது. அவன் மறுத்தால் நாற்பதாயிரம் பேர் உறக்கத்திலேயே சாவார்கள். அப்பாவுக்கு அது பெரிதாகத் தெரியவில்லையா? முன்னே, பூமியில் நடக்கும் ஏழு பகுதிகளில் ஆழத்தான் ஊர்களையே விழுங்கினானே. அப்போதெல்லாம் ரசித்துத்தானே பேசினார்?

போனில் அவரிடமே கேட்டேன். “அத விடுறா” என்று பேச்சை மாற்றினார். புது வேலை எப்படி என்றேன். வெலிங்டன் தீவில் ஒரு குடோனுக்குக் காவல், நிழலில் உட்கார்கிற வேலை, கஷ்டம் இல்லை என்றார். நீ பிராட்வேயில் கடை என்று எழுதியிருக்கிறாய்.

இரண்டில் எது?

பிரதீஷ்


பனிக்கண்டம்
14 ஜூன் 2024

ஜிஷா,

பதினாறு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனிலும் நீ வருவதில்லை, அம்மா ‘எல்லாம் சுகம்’ என்று வைத்துவிடுகிறாள். இங்கே மே கடைசியில் இறங்கிய சூரியன் இனி ஜூலை கடைசியில்தான் ஏறும். நடுப்பகலில் வடக்கே ஒரு சிவப்புக் கோடு மட்டும் தெரிந்து மறைகிறது. மூன்று ஜெனரேட்டர்களில் ஒன்று நின்றால் மற்ற இருபத்து இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் பழகிவிட்டது. உன் மௌனம் பழகவில்லை.

அம்மா நலமா? அப்பா நலமா? நீ நலமா? மூன்று கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் எழுது.

அண்ணன்


மட்டாஞ்சேரி
22 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா நலம். நான் நலம். அப்பா நலமில்லை.

பிராட்வேயும் இல்லை, வெலிங்டன் தீவும் இல்லை. செவ்வாய், வியாழன், சனி அவர் போவது ஆஸ்பத்திரிக்கு. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. உன் கப்பல் கிளம்பிய பத்தாம் நாள் கால் வீங்கி விழுந்தார். அன்றுதான் தெரிந்தது. அன்றே எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கினார்: “அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சாலும் டிசம்பர் வரைக்கும் அங்க இருந்து இறங்க வழியில்ல. பனிக்குள்ள கெடந்து புள்ள என்ன செய்யும்?” அது சரி என்றே எனக்கும் பட்டது. இன்று தப்பு என்று படுகிறது.

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது கையில் இரண்டு இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அங்கே இரத்தம் வேகமாகச் சுழல்கிறது. ஒரு நாள் அவர் தூங்கும்போது அந்தக் கையில் தலை வைத்துப் படுத்தேன். எனக்குள் ஒரு கடல் புகுந்தது அண்ணா. எழுந்து போய்ச் சின்ன மைக்கைக் கொண்டு வந்து பிடித்தேன். நீ கேட்ட மூச்சு அதுதான்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவளுடையதை எடுக்க மாட்டார்கள். என்னுடையது எல்லாச் சோதனையிலும் பொருந்துகிறது. ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றோடு நான் எண்பது வயது வரை இருக்கலாம் என்கிறார் டாக்டர். அப்பா கேட்பதாக இல்லை. “கல்யாணம் ஆகாத பிள்ளையக் கீறிட்டு நான் வாழணுமா?” இதையே ஐந்து மாதமாகச் சொல்கிறார். அந்தச் சொல்லை ஏன் மறுத்தார் என்று இப்போது உனக்குப் புரியும். தாளில் வெள்ளி என்று இருந்த இடத்திலெல்லாம் அவர் ஜிஷா என்று படித்திருக்கிறார்.

கையில் தைத்த இடம் இரண்டு முறை அடைத்துவிட்டது. இதயமும் தளர்கிறது. நீ வரும்வரை காத்திருக்கலாமா என்று கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மன்னித்துவிடு. நீ சாப்பிடாமல் இருந்துவிடாதே.

ஜிஷா


பனிக்கண்டம்
10 ஜூலை 2024

அன்புள்ள ஜிஷா,

உன் உடம்புக்கு ஒன்றும் வரக் கூடாது. இதற்கு மேல் நலம் விசாரிக்கத் தெரியவில்லை.

உன் கடிதத்தைப் படித்த அன்று ஜெனரேட்டர் அறையில் போய் உட்கார்ந்தேன். அங்கே கத்தினால் யாருக்கும் கேட்காது. கத்தினேன். பிறகு எங்கள் நிலைய டாக்டர் வெங்கிடராமனிடம் போனேன், பாலக்காட்டுக்காரர். அவர் படம் வரைந்து காட்டினார். எடுத்துவிட்டுப் போடுவதில்லையாம், பழையது இரண்டும் அப்படியே இருக்க, புதியதை அடிவயிற்றில் ஒரு மூலையில் வைத்துத் தைப்பார்களாம். மூன்று சிறுநீரகத்தோடு ஒரு மனுஷன். “கொடுக்கறவாளோட மிச்ச ஒண்ணு இருக்கே, அது கொஞ்சங்கொஞ்சமா வளந்து ரெண்டோட வேலையும் செய்யும், கேட்டேளா? எத்தனை தரம் பாத்தாலும் எனக்கு அது ஆச்சரியமாக்கும்” என்றார். அந்தப் படத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜிஷா, நான் எழுதியது தப்பு. தருகிறவள் செத்தால்தான் பலி என்று நினைத்து எழுதிவிட்டேன். கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கிறேன். வெள்ளி பாதியைத் தருகிறாள். மீதியோடு மேலே ஏறிப் போகிறாள். அவளுக்கு அது சுலபம். தெய்வத்துக்குத்தான் கஷ்டம். அதுதான் இப்போது கதை.

இது அப்பாவை மடக்குவதற்கான வலை இல்லை. படிக்கக் கொடு. வேண்டாம் என்றால் ஆழத்தான் செத்துப் போகட்டும், அப்படியே முடித்துக்கொள்வோம். அவரைக் கட்டாயப்படுத்தாதே.

நான் அங்கே இருந்திருந்தால் உனக்கு முன்னால் நான் படுத்திருப்பேன். அது உனக்குத் தெரியும்தானே?

அம்மாவைத் தனியாக அழ விடாதே.

அண்ணன்


மட்டாஞ்சேரி
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். இன்று அந்தச் சொல்லே பெரிய நலமாகத் தோன்றுகிறது.

நீ அனுப்பியதை அப்பாவின் தலையணை அருகில் வைத்தேன். தாள் மட்டும் தினமும் இடம் மாறிக் கிடந்தது. பதின்மூன்று நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலையில், சட்டை போட்டுக்கொண்டு நின்றார். “மைக் வைக்கலாம்” என்றார். மாடிப்படி ஏற மூன்று இடத்தில் நின்றார். அனில் நாற்காலி கொண்டு வந்தான். தெய்வம் உட்கார்ந்து பேசாது என்று நின்றே பேசினார்.

எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. நான் தொடங்கினேன்.

“முழுவதும் கேட்காதே, ஆழத்தானே. பாதி தருகிறேன். மீதியோடு நான் மேலே போவேன்.”

அப்பா வாயைத் திறந்தார். முந்தின நாள் டயாலிசிஸில் அவ்வளவு வாடிக் கிடந்த மனுஷன். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அனில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“மகளே, நான் கொடுத்துப் பழகியவன். அஞ்சியவர்கள் வைத்ததை எடுத்துப் பழகியவன். அஞ்சாமல் ஒருத்தி நீட்டினால் எந்தக் கையால் வாங்குவது? யுகங்கள் எனக்கு அதைக் கற்றுத் தரவில்லை.”

“கையை நீட்டு. அது போதும்.”

இதற்குப் பிறகு அவருக்கு அந்த ஒரு சொல், ‘ஏற்றேன்’. அப்பா பேசவில்லை. நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பயந்து நிமிர்ந்தேன். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். மைக்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூன்று வயதில் சின்னம்மையில் கிடந்தபோது ஒரு முறை இப்படிப் பார்த்தார் என்று அம்மா சொல்வாள். தைத்த அந்த இடது கை மெல்ல எழுந்தது. உள்ளங்கை மேலே பார்த்தது.

“தா மோளே” என்றார்.

ஆழத்தான் குரல் இல்லை அது. ஜீப்பில் அனௌன்ஸ்மென்ட் சொன்ன குரலும் இல்லை. அவ்வளவு சின்னக் குரல். இருபத்தேழு வருடத்தில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு தம்ளர் தண்ணீர்கூட அவரே எடுத்துத்தான் குடிப்பார்.

நான் என் கையை அவர் கையில் வைத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அனில் பதிவை நிறுத்த மறந்துவிட்டான். எங்கோ ஒரு படகு ஹாரன் அடித்தது. கீழே ஒரு மூட்டை விழுந்தது. எனக்கு அந்த அறை ரொம்ப ஆழத்தில் இருப்பது போலவும், எங்களுக்கு மேலே ஏதோ பெரிதாக, வெளிச்சமாக, மெதுவாகப் பற்றிக்கொள்வது போலவும் இருந்தது. நான் கோயிலில்கூட இப்படி நின்றதில்லை.

பிறகு அப்பா, “சாயா குடிப்போமா?” என்றார்.

கடை வாசலில் நின்று, அவருக்கு அளந்து கொடுக்கிற அந்த அரை கிளாஸைக் குடித்துவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “டாக்டரோட எப்பப் பறயணும்?”

அன்றே பறைந்துவிட்டோம். இனி ஓர் அனுமதிக் குழு முன்னால் நான் மனமுவந்து தருகிறேன் என்று சொல்ல வேண்டும், இன்னும் சில சோதனைகள். ஆபரேஷன் செப்டம்பர் பத்தாக இருக்கலாம்.

அனில் வேறு முறை எடுக்கலாமா என்று கேட்கவே இல்லை. அப்பா சொன்னதை அப்படியே வைத்திருக்கிறேன். நீ எழுதியதை மாற்றியதற்கு மன்னிப்பு. முழுப் பகுதியையும் துண்டு துண்டாக அனுப்பத் தொடங்கியிருக்கிறேன்.

இரவில் போர்வையை ஒழுங்காகப் போர்த்திக்கொள்.

ஜிஷா


பனிக்கண்டம்
30 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஜிஷாவுக்கும் அம்மா அப்பாவுக்கும்,

எல்லோர் உடம்புக்கும் நல்லது நடக்கட்டும்.

கடைசித் துண்டு வந்து சேர்ந்தது புதன்கிழமை. தனியாகக் கேட்கலாம் என்றுதான் இருந்தேன். டாக்டர் வெங்கிடராமன், “சாப்பாட்டு அறையில போடுங்கோ, எல்லாரும் கேக்கட்டும்” என்றார். இருபத்து மூன்று பேரில் தமிழ் தெரிந்தவர்கள் எங்கள் இருவரோடு சரி. போட்டேன்.

ஆழத்தான் மூச்சு தொடங்கியதும் தட்டுச் சத்தம் நின்றது. அது யாருடைய மூச்சு என்று எனக்கு மட்டும் தெரியும். அப்பா பேசியபோது வானிலை பார்க்கிற பெரியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ‘தா மோளே’ வந்தது. அந்தச் சொல்லின் பொருளை யாரும் என்னிடம் கேட்கவில்லை ஜிஷா. சமையல்காரர் முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டார். முடிந்த பிறகு ஒருவரும் எழவில்லை. வெளியே ஆயிரம் கிலோமீட்டருக்கு மனித வாசனை இல்லை. நாங்கள் இத்தனை பேர் ஒரு தகரப் பெட்டிக்குள், எங்கோ மட்டாஞ்சேரியில் ஒரு மனுஷன் கையை நீட்டியதைக் கேட்டு உட்கார்ந்திருந்தோம்.

நான் எழுதிய சொல் வேண்டாம். அவர் சொன்னதுதான் சரி.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ பயப்படுகிறாயா? ஒரு கடிதத்திலும் அதை எழுதவில்லை.

அண்ணன்


பனிக்கண்டம்
17 செப்டம்பர் 2024

ஜிஷா,

பனிப்புயலில் எங்கள் ஆன்டெனா சாய்ந்துவிட்டது. போன் இல்லை. வெறும் எழுத்து மட்டும் எப்போதாவது போகும், வரும். பத்தாம் தேதி கடந்து ஏழு நாள். யாராவது ஒருவர் எழுதுங்கள். ஒரு சொல் போதும்.

பிரதீஷ்


எர்ணாகுளம், ஆஸ்பத்திரி
24 செப்டம்பர் 2024

மோனே பிரதீஷ்,

அப்பா எழுதுகிறேன். உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நோட்டில் எழுதுகிறேன், உன் அம்மா பார்த்துப் பார்த்து போனில் அடித்து அனுப்புவாள். பிழை இருந்தால் அவளுடையது.

முதலில் ஜிஷா. நன்றாக இருக்கிறாள். மூன்றாம் நாள் நடந்தாள். விலாவில் வலி இருக்கிறது, சிரித்தால் கூடுகிறது, அதனால் யாரையும் சிரிப்பு காட்ட விடுவதில்லை. மெஷின் அடிக்கிற மணி சுருதி சேரவில்லை என்று நர்ஸிடம் சண்டை போட்டாளாம். நேற்று வீட்டுக்குப் போய்விட்டாள். போகும் முன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். கிருமி ஒட்டும் என்று என் அறைக்குள் யாரையும் விடுவதில்லை. அண்ணனுக்கு ஒரு பதில் எழுத மீதி இருக்கிறது, அதை நீங்களே எழுதுங்கள் என்றாள். என்ன பதில் என்றேன். “ரொம்பப் பயந்தேன்னு எழுதுங்க” என்றாள். எழுதிவிட்டேன்.

எனக்கும் பயம்தான் மோனே. சாவதற்கு இல்லை. அவள் கொடுத்தது எனக்குள் வேலை செய்யாமல் போனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று.

டாக்டர் வந்து சொன்னார். அவளிடமிருந்து எடுத்தபோது அது வெளுத்து, குளிர்ந்து, பனிக்கட்டித் தண்ணீரில் கிடந்ததாம். எனக்குள் வைத்துத் தைத்து, இரத்தத்தைத் தடுத்து வைத்த இடுக்கியை எடுத்தார்களாம். என் இரத்தம் போனதும் அது சிவந்து விம்மி, மேசையிலேயே, எல்லோரும் பார்க்க, மூத்திரம் சொட்டத் தொடங்கியதாம். இருபது வருடமாக இதைச் செய்கிறேன், ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் யாரும் பேசுவதில்லை என்றார்.

முப்பது வருடம் இந்த ஊரின் ஓடைகளில் இடுப்பளவு நின்றவன் நான். அதில் என்னென்ன போகும் என்று உனக்குத் தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நின்றேன். எட்டு மாதமாக எனக்கு ஒரு சொட்டு ஒழுங்காக வரவில்லை. இப்போது கட்டில் ஓரத்தில் ஒரு பை தொங்குகிறது. காலையில் வெயில் அதன் மேல் விழும்போது இளம் மஞ்சளாக, தெளிந்து, நிறைந்துகொண்டே இருக்கிறது. நான் உறங்கும்போதும் நிறைகிறது. என் பிள்ளை என் உடம்புக்குள் இருந்து வேலை செய்கிறாள்.

முதல் நாள் உன் அம்மா கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பையைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, காளியம்மே, இது மூத்திரமாக்கும் என்று சிரிக்கலாம் என்று பார்த்தேன். அதற்குள் என் கைகளும் கூடிவிட்டன.

நீ கவலையில்லாமல் உறங்கு.

உன் அப்பா
வேலன்